நிற்கும் விமானத்துக்கு நேரும் விபத்து

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்யப் போகிறவரை வழியனுப்ப வந்தவர்கள் சாதாரணமாக என்ன சொல்லுகிறார்கள்? "ஜாக்கிரதையாகப் போய் வாருங்கள்" என்கிறார்கள். வீட்டிலுள்ள பாட்டிமார்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "இறங்கினதும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அப்பா! அதுவரையில் எனக்குத் தூக்கம் பிடிக்காது" என்கிறார்கள். அபாயமெல்லாம் ஆகாயத்தில்தான் இருக்கிறது, தரையிலே நிற்கும் வரையில் ஒரு கவலையும் இல்லை என்பதே நம்மில் பெரும்பாலோருடைய எண்ணம்.

"நிற்கிற விமானத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் சில காலம் முன்பு வரையில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். விஷயத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தபோதுதான் நம்முடைய எண்ணம் எவ்வளவு தவறானது என்று தெரியவந்தது.

விமானப் பாதுகாப்புக்காகவே பாடுபட்டு வரும் ஸ்தாபனம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 'பிளைட் ஸேப்டி பவுண்டேஷன்' என்று அதற்குப் பெயர். தரையில் நேரும் விபத்துக்களைத் தடுக்கும் முயற்சியை அந்த ஸ்தாபனம் 2003-ம் வருஷத்தில் ஆரம்பித்தது. அம்முயற்சியை ஒட்டி அது இட்ட மதிப்பின்படி, உலகத்தில் வருஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய 27,000 விபத்துக்கள் விமானம் நிற்கும் தளத்திலேயே நேருகின்றன. அதாவது, ஆயிரம் விமானங்கள் புறப்பட்டால் அவற்றில் ஒன்றுக்குத் தரையிலேயே ஏதேனும் ஒரு விபத்து. அவற்றில் காயமடைகிறவர்கள் வருஷத்துக்கு 2,43,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் டிக்கெட் வாங்கிக்கொண்டு பறக்கிறவர்கள் அல்லர். பறக்கிறவர்களுக்காக வெயிலிலும் மழையிலும் நின்று வேலை செய்கிறவர்கள்.

அரைமணி நேரத் திருவிழா

விமான நிலையத்தில் காத்திருக்கும்போது கண்ணாடிச் சுவர் ஓரமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பது நமது வழக்கம். விமானம் வந்து நின்றவுடனே அதைச் சுற்றி ஒரு சிறு திருவிழாவே ஆரம்பமாகிவிடுகிறது. சிப்பந்தி ஒருவர் ஓடிவந்து சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கிறார். வேறொருவர் இறக்கை நுனியிலும் யந்திரத்துக்கு முன்னாலும் கூம்பு வடிவமான அடையாளங்களை நிறுத்துகிறார். ஒரு பக்கத்தில் பிரயாணிகள் இறங்குவதற்கான ஏரோபிரிட்ஜோ படிக்கட்டு வண்டியோ வந்து ஒட்டிக்கொள்கிறது. மறு பக்கத்தில் பெட்டிகளை இறக்கும் பட்டை வண்டி தன் நீண்ட கழுத்தை நீட்டுகிறது. எரிபொருள் வண்டி, குடிதண்ணீர் வண்டி, கழிவு நீர் வண்டி, சாப்பாட்டு வண்டி, மின்சாரம் கொடுக்கும் வண்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசியில், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் இழுவை வண்டி மூக்கினடியில் வந்து நிற்கிறது.

இவ்வளவும் எத்தனை நேரத்தில் நடந்தாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? குறைந்த கட்டணக் கம்பெனிகளில் அரைமணி நேரத்துக்குள். அந்த அரைமணிக்குள் நூற்றெண்பது பேர் இறங்கி, நூற்றெண்பது பேர் ஏறி, அவர்களுடைய மூட்டை முடிச்சுக்களும் இறங்கி ஏறியாக வேண்டும். தரையில் நிற்கும் விமானம் காசு சம்பாதிப்பதில்லை. ஆகையால் அதை எவ்வளவு சீக்கிரம் கிளப்ப முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கிளப்ப வேண்டுமென்பதே கம்பெனிகளின் கவலை.

தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கிறவர்களை ஊரே பார்க்கிறது. சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவனை யார் பார்க்கிறார்கள்? தேரின் பாரமெல்லாம் அவனுடைய கைக்கும் கட்டைக்கும் இடையில் இருக்கிறது. கை ஒரு சாண் தவறினால் என்ன ஆகும் என்பது அவனுக்குத்தான் தெரியும். விமானத் தளத்துச் சிப்பந்திகளின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு சிராய்ப்பின் கதை

2005-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்திலிருந்து பர்பாங்க் என்னும் ஊருக்கு அலாஸ்கா ஏர்லைன்ஸ் கம்பெனியின் விமானம் ஒன்று புறப்பட்டது. எம்.டி.-83 என்ற ரகத்தைச் சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 140 பேர் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள் ஆகையால், விடுமுறைப் பிரயாணிகள் பலர்.

விமானம் சுமார் 26,000 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்டது. உள்ளே இருந்த காற்று வெளியேற ஆரம்பித்தது. பிரயாணிகளின் தலைக்கு மேலிருந்து பிராணவாயு முகமூடிகள் தொங்கின. விமானிகள் சிறிதும் தாமதியாமல் விமானத்தை மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு இறக்கி, ஸியாட்டிலுக்கே திருப்பிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார்கள். உயிர்ச் சேதம் இல்லை. இறங்கிய பிறகு பார்த்தால், விமானத்தின் வலது பக்கத்து உடலில் ஓர் அடி நீளமும் அரை அடி அகலமுமுள்ள துவாரம்!

ஆகாயத்தில் எதுவும் மோதவில்லை. பறவை கூட வரவில்லை. பின்னே துவாரம் எப்படி வந்தது? விசாரணையில் உண்மை வெளிவந்தது. விமானம் தளத்தில் நின்றுகொண்டிருந்தபோதே, சாமான் ஏற்றும் சாதனம் அதன் மேல் உராய்ந்துவிட்டது. அதைக் கையாண்ட சிப்பந்தி அதை யாரிடமும் சொல்லவில்லை. உராய்ந்த இடத்தில் உலோகத் தகட்டில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மேலே போகப் போக, அந்த மடிப்பு காற்றின் அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிட்டது.

ஒரு நிமிஷ வேலை. ஒரு சிராய்ப்பு. சொல்லியிருந்தால், ஓர் எஞ்சினீயர் வந்து பார்த்து, "இந்த விமானம் இப்பொழுது போகக்கூடாது" என்று சொல்லியிருப்பார். பிரயாணிகள் சில மணி நேரம் முணுமுணுத்திருப்பார்கள். அவ்வளவுதான். சொல்லாததனால் நூற்றுநாற்பது உயிர்கள் ஒரு மடிப்பின் மேல் ஊசலாடின.

காற்று அடைத்த பாத்திரம்

"ஒரு சிராய்ப்புக்கா இவ்வளவு ஆபத்து? நம் ஊர்ப் பஸ்களின் உடம்பில் சிராய்ப்பு இல்லாத இடம் ஏது?" என்று சிலர் நினைக்கலாம். பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: பஸ்ஸின் தகடு வெயிலையும் மழையையும் மறைத்தால் போதும். விமானத்தின் தகடோ காற்றை அடைத்து வைத்திருக்கும் பாத்திரத்தின் சுவர்.

முப்பதாயிரம் அடிக்கு மேலே மனிதன் மூச்சுவிடப் போதுமான காற்று இல்லை. ஆகையால் விமானத்தின் உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி வைக்கிறார்கள். வெளியே அழுத்தம் குறைவு, உள்ளே அதிகம். உயரப் பறக்கும்போது இந்த வித்தியாசம் உடலின் ஒவ்வொரு சதுர அடியையும் ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பளுவுடன் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அதைத் தாங்குகிற அலுமினியத் தகடு பல இடங்களில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனந்தான். தகடு வழவழவென்று மடிப்பில்லாமல் இருக்கும் வரையில் பளு எங்கும் சமமாகப் பரவி நிற்கிறது. ஓரிடத்தில் கீறலோ மடிப்போ விழுந்துவிட்டால், பளு அந்த இடத்தில் வந்து குவிகிறது. புது வேஷ்டியைக் கையால் கிழிப்பது கஷ்டம். ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு வைத்துவிட்டால் சர்ரென்று கிழிந்துவிடுகிறதல்லவா? அதைப்போலத்தான்.

இப்பொழுது வந்திருக்கும் புது ரக விமானங்களில் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. போயிங் 787 என்ற விமானத்தின் எடையில் பாதி, உலோகம் அல்லாமல் கரி நாரும் பிசினும் கலந்து செய்த பொருள். அது உலோகத்தை விட லேசானது, துருப் பிடிக்காது, பல விதங்களில் உயர்ந்தது. ஆனால் உலோகத்தில் அடிபட்டால் பள்ளம் விழுந்து, "இதோ என்னை இங்கே இடித்துவிட்டார்கள்" என்று காட்டிக்கொடுக்கும். கரி நார்ப் பொருளோ, மழுங்கலான ஒரு பொருள் இடித்தால் உள்ளுக்குள்ளே அடுக்குகள் பிரிந்துபோனாலும், வெளிப்புறம் பழையபடி நிமிர்ந்து நின்றுவிடக்கூடும். வெளியே கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் சொற்பமாகவே இருக்கும். அப்படிப்பட்ட விமானத்தை வண்டி இடித்துவிட்டது என்பதற்கு நம்பத்தகுந்த சாக்ஷி ஒருவர்தான்; இடித்த மனிதர். அவர் வாய் திறந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

நம் நாட்டிலும்

இவையெல்லாம் அயல்நாட்டுச் சமாசாரம் என்று நாம் தள்ளிவிட முடியாது. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி விடியற்காலையில் கல்கத்தா விமான நிலையத்தில், ஒரு கம்பெனியின் பஸ், நின்றுகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ஏ.டி.ஆர். விமானத்தின் மேல் போய் மோதியது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்று அப்பொழுது செய்திகள் வெளிவந்தன. 2022-ம் வருஷம் மார்ச் மாதம் 28-ந் தேதி டில்லியில் ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளும்போது அதன் வலது இறக்கை ஒரு விளக்குக் கம்பத்தில் இடித்தது. பிரயாணிகளை வேறு விமானத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, அதே டில்லியில், ஒரு கம்பெனியின் மோட்டார் கார் மற்றொரு கம்பெனியான இண்டிகோவின் விமானத்து மூக்கினடியில் புகுந்து, முன்சக்கரத்தில் மோதாமல் மயிரிழையில் நின்றது. 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதி பெங்களூரில், பழுது பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு விமானத்தின் மூக்கினடியில் சிறு வேன் ஒன்று போய்ச் செருகிக்கொண்டு கூரை நசுங்கியது.

இவை நான்கும் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தவை, படம் பிடிக்கப்பட்டவை, ஒருவராலும் மறைக்க முடியாதவை. ஆகையால் இவற்றால் பணம் நஷ்டமே தவிர, பிராணாபாயம் அதிகம் இல்லை. நாம் பயப்பட வேண்டியது படம் பிடிக்கப்படாத சிராய்ப்புக்களுக்குத்தான்.

உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் 2022-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தரைச் சேதங்களால் ஆகும் செலவு வருஷத்துக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் என்றும், ஒன்றும் செய்யாவிட்டால் 2035-ல் அது சுமார் 1,000 கோடி டாலராகப் பெருகும் என்றும் சொல்லியிருக்கிறது. நிற்கும் விமானத்துக்கு நேரும் சேதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மோட்டார் பொருத்திய வண்டிகள் அதன் உடலில் இடிப்பதுதானாம். பட்டை வண்டி, சரக்கேற்றும் வண்டி, படிக்கட்டு, ஏரோபிரிட்ஜ் ஆகிய நான்குமே சேர்ந்து மொத்தச் சேதச் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குப் பொறுப்பாளிகள்.

மனிதனுக்கு நேர்வது

விமானத்துக்கு நேரும் காயத்தை மட்டும் பேசிவிட்டு, மனிதனுக்கு நேருவதைப் பேசாமல் விடுவது தர்மமாகாது. கல்கத்தாச் சம்பவத்துக்கு ஆறு நாள் முன்பு, 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ந் தேதி இரவு, பம்பாயிலிருந்து ஹைதராபாதுக்குப் புறப்பட வேண்டிய ஏர் இந்தியா விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி முடித்திருந்தார்கள். தரையில் நின்றவர்கள் விலகிப் போவதற்கு முன்பே, சமிக்ஞையைத் தவறாகப் புரிந்துகொண்டதனால், விமானம் நகர ஆரம்பித்தது. அதன் அருகே நின்ற தொழில்நுட்பச் சிப்பந்தி ஒருவரை ஓடிக்கொண்டிருந்த யந்திரம் உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று அவரும் நம்மைப்போலவே வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பியவர்தானே!

2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்ற ஊரிலும் இதே கோரம் நிகழ்ந்தது. வந்து நின்ற விமானத்தின் துணை யந்திரம் பழுதுபட்டிருந்ததால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வரையில் பெரிய யந்திரம் ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். இது முன்கூட்டியே சிப்பந்திகளுக்குச் சொல்லப்பட்டும் இருந்தது. அப்படியிருந்தும், கூம்பு வைக்க வந்த ஒரு பெண் சிப்பந்தி யந்திரத்துக்கு இரையானாள். மறு வருஷம், தொழிலாளர் பாதுகாப்பு இலாகா அவளை வேலைக்கு வைத்திருந்த கம்பெனிக்கு விதித்த அபராதம் 15,625 டாலர். ஒரு விமானத்தின் தகட்டில் விழுந்த பள்ளத்தைச் சரி செய்வதற்கு இதைவிட அதிகம் செலவாகிவிடும்.

தவறு யாருடையது?

"எல்லாம் வேலைக்காரர்களின் அஜாக்கிரதை, பிடித்து நன்றாகத் தண்டித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் கீழ்க்கண்ட சம்பவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

2021-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 787 விமானம் ஒன்று சரக்கேற்றிக்கொண்டு நின்றது. ஒரு சோதனைக்காகச் சக்கரங்களை மடக்கும் விசையை இயக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்யும்போது சக்கரக் கால்கள் நிஜமாகவே மடங்கிவிடாமல் இருப்பதற்கு, ஒவ்வொரு காலிலும் ஒரு பூட்டு ஆணியைச் செருகி வைப்பது வழக்கம். முன்காலில் ஆணி செருக வேண்டிய துவாரம் உயரத்தில் இருந்தது. மூத்த மெக்கானிக்குக்கு அது எட்டவில்லை. அவர் கையைக் காட்டி இடத்தைச் சொன்னார். உடனிருந்தவர் படியில் ஏறி ஆணியைச் செருகினார். ஆனால் சரியான துவாரத்துக்கு அருகிலேயே அதைப்போன்ற இன்னொரு துவாரமும் இருந்தது! ஆணி அதிலே போய்விட்டது. விசையை இயக்கியதும் முன்கால் மடங்கி, அவ்வளவு பெரிய விமானம் மூக்குக் குப்புறத் தரையில் விழுந்தது. துணை விமானியும் சரக்கேற்றும் சிப்பந்தி ஒருவரும் சிறு காயங்களுடன் தப்பினார்கள்.

இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், ஆணி தவறான துவாரத்தில் போய்விடக்கூடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அந்தத் துவாரத்தை அடைத்துவிட வேண்டுமென்று 2020-ம் வருஷம் ஜனவரி மாதத்திலேயே உத்தரவு பிறந்திருந்தது. ஆனால் நிறைவேற்ற மூன்று வருஷத் தவணை கொடுத்திருந்தார்கள். இந்த விமானத்தில் அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. இப்பொழுது சொல்லுங்கள்: தவறு ஆணியைச் செருகியவருடையதா, இரண்டு துவாரங்களை அருகருகே வைத்தவருடையதா, அல்லது தவணை கொடுத்தவருடையதா? எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு உண்டு. ஆணி செருகியவரை மட்டும் தண்டித்து அனுப்பிவிட்டால், துவாரம் திறந்தபடியே இருக்கும். அடுத்தவர் வந்து அதிலேயே செருகுவார்.

ஒரு தராசு சொன்ன பாடம்

விமானத் தளத்துக்கும் உபாத்தியாயருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் சந்தேகப்படலாம். சம்பந்தம் இருக்கிறது. நாம் பல வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்து வருகிறோம். பரிசோதனைச் சாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நுட்பமான தராசு ஒன்று இருந்தது. ஒரு நாள் வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகள் போட்ட கணக்கும் தவறாக வந்தது. நாம் அவர்களைக் கோபித்துக்கொண்டு, மீண்டும் செய்யச் சொன்னோம். மீண்டும் தவறு. மூன்றாம் நாள்தான் தராசைக் கழற்றிப் பார்த்தோம். தண்டு தாங்கும் கூர்முனை மழுங்கிப் போயிருந்தது. யாரோ அதைக் கீழே போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்!

இரண்டு நாள் கழித்து ஒரு பையன் தானாகவே வந்து நின்றான். கண்ணில் ஜலம் ததும்பிக்கொண்டிருந்தது.

"நான்தான் ஸார், தள்ளிவிட்டேன். தெரியாமல் முழங்கை பட்டுவிட்டது."

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"போன மாதம் கண்ணாடிக் குழாயை உடைத்தவனுக்கு அபராதம் போட்டீர்களே, ஸார். எங்கள் அப்பாவிடம் போய் நான் எப்படிப் பணம் கேட்பேன்?"

நமக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணாடிக் குழாய் உடைந்ததற்கு அபராதம் போட்டபோது, பிள்ளைகளுக்கு ஜாக்கிரதையைக் கற்பித்துவிட்டதாக நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம். உண்மையில் நாம் கற்பித்தது மௌனத்தை. தராசைத் தள்ளியது அவன் முழங்கை. அதைச் சொல்லவிடாமல் அவன் வாயை அடைத்தது நமது அபராதம். அன்று முதல் நம் வகுப்பில் ஒரு விதி ஏற்படுத்தினோம். கைதவறி எதை உடைத்தாலும் உடனே வந்து சொன்னவனுக்குத் தண்டனை இல்லை. வேண்டுமென்று உடைத்தவனுக்கும், உடைத்ததை மறைத்தவனுக்கும் உண்டு. முதல் மாதத்தில் உடைசல் கணக்கு இரண்டு மடங்காகிவிட்டதுபோல் தோன்றியது. உடைப்பது அதிகமாகவில்லை, சொல்லுவது அதிகமாயிற்று.

விமானத் தளத்துச் சிப்பந்தியின் நிலைமை அந்தப் பையனுடையதைவிட மோசம். பல இடங்களில் அவர் விமானக் கம்பெனியின் ஆள் கூட அல்லர். காண்டிராக்ட் எடுத்த வேறொரு கம்பெனியின் ஆள். சம்பளம் சொற்பம், இராப் பகல் மாறி மாறி முறை வேலை, தாமதமானால் ஏச்சு. அவர் ஓட்டும் வண்டியோ பல கோடி ரூபாய் பெறும் பொருளுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்க வேண்டும். உராய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய கவலை உள்ளவனுக்கு அந்த 'ஒருவேளை' எவ்வளவு பெரிய ஆசை காட்டும்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஆனால் ஒரு சிராய்ப்பை மறைத்துவிடலாம். மறைத்த சிராய்ப்பு 26,000 அடி உயரத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பரிகாரம்

அறிவாளிகள் இதை உணராமல் இல்லை. அமெரிக்காவில் 1976-ம் வருஷத்திலிருந்து ஒரு முறை நடந்து வருகிறது. விமானத் தொழிலில் ஈடுபட்ட எவரும், தாம் செய்த தவறையோ கண்ட அபாயத்தையோ எழுதி அனுப்பலாம். அதை வாங்கிக்கொள்வது தண்டிக்கும் அதிகாரமுள்ள இலாகா அல்ல. விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமான நாஸா. எழுதியவரின் பெயர் இரகசியமாகக் காக்கப்படுகிறது. வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளைக்குள் தெரிவித்துவிட்டால், எழுதியவருக்குத் தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்குக் கிடைக்கிறது. குற்றச் செயல்களுக்கும் பெரிய விபத்துக்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. இதுவரையில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் சேர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய நாடுகளும் 2014-ம் வருஷத்தில் செய்த சட்டத்தில், கைதவறிச் செய்ததை ஒப்புக்கொண்டவனைத் தண்டிக்கலாகாது, வேண்டுமென்றே செய்தவனுக்கும் அலக்ஷியத்தின் உச்சிக்குப் போனவனுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று விதித்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் காரியாலயம், தானாக முன்வந்து தகவல் தெரிவிக்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. முறை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. நடுநிசியில் பட்டை வண்டி ஓட்டும் காண்டிராக்ட் சிப்பந்திக்கு, "சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து இல்லை" என்ற நம்பிக்கை பிறக்க வேண்டும். அதை உண்டாக்க வேண்டியவர்கள் மேலே இருக்கிறவர்கள்.

யந்திரங்களும் உதவிக்கு வருகின்றன. விமானத்தை நெருங்கும்போது தூரத்தை அளந்து தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வண்டிகள் வந்திருக்கின்றன. பழைய வண்டிகளில் நான்கில் மூன்று பங்கை மாற்றி இவற்றை உபயோகித்தால், சேதச் செலவில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு குறையும் என்று மேலே சொன்ன கம்பெனிகள் சங்கத்தின் ஆராய்ச்சி கூறுகிறது. நல்ல செய்திதான். ஆயினும் பாக்கி ஐம்பத்தெட்டுப் பங்கு மனிதனுடைய கையிலும், அதற்கு மேல் அவனுடைய வாயிலும் இருக்கிறது.

நம் பங்கு

கடைசியாக, பிரயாணிகளாகிய நாம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு என்றே நினைக்கிறோம்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்ட பிறகு சில சமயம் ஓர் அறிவிப்பு வரும். "சாமான் வண்டி ஒன்று விமானத்தைத் தொட்டுவிட்டதாகத் தெரிகிறது. எஞ்சினீயர்கள் பரிசோதிக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்பார்கள். உடனே நாம் என்ன செய்கிறோம்? கடிகாரத்தைப் பார்க்கிறோம், பணிப்பெண்ணின் மேல் பாய்கிறோம், "இவர்களுக்கு ஒரு வண்டியை ஒழுங்காக ஓட்டத் தெரியாதா?" என்று பக்கத்து ஆசனக்காரரிடம் அங்கலாய்க்கிறோம். நம்முடைய அந்தக் கோபம் மேலதிகாரியிடம் போகிறது. அவரிடமிருந்து மேஸ்திரியிடம் போகிறது. கடைசியில் வண்டி ஓட்டியவர் தலையில் இறங்குகிறது. அடுத்த தடவை உராய்ந்தால் அவர் சொல்லுவாரா, மாட்டாரா என்பதை நிர்ணயிப்பதில் நம் கோபத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஆகையால் அத்தகைய அறிவிப்பு வரும்போது, கோபப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் ஜன்னல் வழியாகக் கீழே பாருங்கள். அங்கே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தவாறு ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். அவர் தம்முடைய வேலையைப் பணயம் வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையினால்தான், ஊருக்குப் போய் இறங்கியதும் நாம் பாட்டிக்கு, "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று சொல்லப் போகிறோம்.